‘பள்ளிக்குப் போ’ என்கிறது உத்தரவு. கூட்டிப் போக ஆள் எங்கே?

குற்ற வழக்கில் சிக்கிய சிறுவன் ஒருவன் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுவரப்பட்டால், அவனுடைய வீடு, வாசல், படிப்பு, பழக்கவழக்கம் எல்லாவற்றையும் விசாரித்து 15 நாட்களுக்குள் ஓர் அறிக்கை தரப்பட வேண்டும். தர வேண்டியவர் நன்னடத்தை அதிகாரி. ‘புரொபேஷன் ஆபீசர்’ என்று கோர்ட்டு வட்டாரத்தில் சொல்வது இவரைத்தான். அறிக்கை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மத்திய அரசு 2016-ம் ஆண்டு வெளியிட்ட மாதிரி விதிகளில் ஒரு படிவம் இருக்கிறது. அது 6-ம் எண் படிவம்.

அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி: பையன் பள்ளிக்கூடத்தை விட்டது ஏன்?

பதிலையும் படிவமே வரிசையாகத் தருகிறது. வகுப்பில் தேறவில்லை. படிப்பில் நாட்டமில்லை. ஆசிரியர்கள் அக்கறை காட்டவில்லை. கூட்டாளிகளின் சகவாசம். சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்க வேண்டியிருந்தது. பெற்றோர் திடீரென இறந்துபோனார்கள். மற்றப் பிள்ளைகள் கொடுமைப்படுத்தினார்கள். அடி விழுந்தது. அவமானப்படுத்தினார்கள். வயதுக்கேற்ற பள்ளி பக்கத்தில் இல்லை. மட்டம் போட்டு மட்டம் போட்டுக் கடைசியில் ஓடியே போய்விட்டான். இந்தப் பட்டியலில் இன்னொரு காரணமும் அச்சிடப்பட்டிருக்கிறது: பயிற்றுமொழி.

சொந்த மாநிலத்தை விட்டு வந்து பிழைக்கும் குடும்பங்களுக்கு அந்த ஒரு சொல்லின் கனம் தெரியும். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளிக்கூடத்தில் மராட்டி அல்லது ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கு நடுவே தடுமாறி, ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ புத்தகப் பையைக் கீழே போட்ட பையன்கள் தாராவியிலும் உண்டு, சயன் கோலிவாடாவிலும் உண்டு, மான்கூர்டிலும் உண்டு.

சட்டம் எழுதியவர்களுக்கு நோய் தெரிந்திருக்கிறது. மருந்தும் எழுதியிருக்கிறார்கள். 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 18-வது பிரிவு, தவறு செய்த சிறுவனுக்கு என்ன உத்தரவு போடலாம் என்று சொல்கிறது. புத்தி சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம். பெற்றோர் பொறுப்பில், நன்னடத்தைக் கண்காணிப்பில் 3 ஆண்டு வரை விடலாம். மிஞ்சினால் சிறப்பு இல்லத்துக்கு அனுப்பலாம். இவற்றோடு கூடுதலாக, ‘இவன் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும்’ என்றும் உத்தரவிடலாம்.

உத்தரவில் கையெழுத்து விழுந்துவிடுகிறது. அதற்குப் பிறகு, திங்கட்கிழமை காலையில் அந்தப் பையன் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறானா என்று பார்ப்பது யார்? கேள்வி சிறியதுதான். ஆனால் அதற்குச் சம்பளம் கொடுத்து ஒருவரை வைக்க எந்தக் கணக்கிலும் போதிய பணம் ஒதுக்கப்படவில்லை.

புனே வழக்கும் மற்ற வழக்குகளும்

இளைஞர் நீதிக் குழுமம் என்றதும் பலருக்கு நினைவு வருவது புனே கார் விபத்துதான். 2024-ம் ஆண்டு மே 19-ந் தேதி, கல்யாணி நகரில் விலையுயர்ந்த கார் மோதி இளம் பொறியாளர்கள் இருவர் இறந்தார்கள். காரை ஓட்டியவனுக்கு 18 வயது நிரம்பவில்லை. ஜாமீன் கொடுத்தபோது, விபத்துகளைப் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்று ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டது. நாடே கொதித்தது. கொதித்ததில் தவறில்லை.

ஆனால் குழுமத்தின் முன் அன்றாடம் வந்து நிற்பவன் அந்த மாதிரிப் பையன் அல்ல. கைப்பேசி பறித்தவன், இரும்பு திருடியவன், தெருச் சண்டையில் கத்தி காட்டியவன், பெரியவர்கள் கொடுத்த பொட்டலத்தை இங்கிருந்து அங்கே கொண்டுபோய்க் கொடுத்தவன் என்று இப்படிப்பட்டவர்களே அதிகம். பொட்டலம் கொடுத்தனுப்பிய பெரியவருக்கு 7 ஆண்டுக் கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் வரை விதிக்க அதே சட்டத்தின் 78-வது பிரிவு இடம் தருகிறது. கையும் களவுமாகப் பிடிபடுவது என்னவோ பையன்தான்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ம் ஆண்டில் சிறார்கள் மீது நாடெங்கும் 30,555 வழக்குகள் பதிவாயின. மராட்டிய மாநிலத்தில் மட்டும் 4,406. எல்லா மாநிலங்களிலும் இதுவே அதிகம். பிடிபட்டவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் 16 முதல் 18 வயதுக்குள் இருந்தவர்கள். வீடற்ற அனாதைகள்தான் இப்படிக் கெட்டுப் போகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையல்ல. பெரும்பாலோர் தாய் தகப்பனோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களே.

பதினான்குக்கும் பதினெட்டுக்கும் நடுவே

சட்டங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு பள்ளம் தெரியும்.

கட்டாயக் கல்விச் சட்டம் 2009-ம் ஆண்டு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை பிள்ளை பள்ளியில் சேர்ந்திருக்கிறதா, ஒழுங்காக வருகிறதா, எட்டாம் வகுப்பை முடிக்கிறதா என்று கவனிப்பது உள்ளாட்சி மன்றத்தின் கடமை என்று அதன் 9-வது பிரிவு சொல்கிறது. மும்பையில் என்றால் மாநகராட்சியின் கடமை. 14 வயதோடு அந்தக் கடமை முடிந்துவிடுகிறது.

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ம் ஆண்டு திருத்தப்பட்டது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போகச் சொந்தக் குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. 14-லிருந்து 18 வரை ஆபத்தான தொழில்களில் மட்டுமே தடை. மற்ற வேலைகளுக்குப் போகலாம்.

ஆக, 14 வயது நிரம்பிய நாளிலிருந்து பையனைப் பள்ளியில் வைத்திருக்கச் சட்டம் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. வேலைக்குப் போகாதே என்றும் தடுக்கவில்லை. 16 வயதில் போலீஸ் ஸ்டேஷனில் அவனைப் பார்க்கும்போதுதான் அரசாங்கத்துக்கு மறுபடி அவன் ஞாபகம் வருகிறது. நடுவில் 2 ஆண்டு அவன் யார் கண்ணிலும் படவில்லை.

பள்ளிப் புள்ளிவிவரமும் இதையே காட்டுகிறது. மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024-25-ம் ஆண்டுக் கணக்கில், 6 முதல் 8-ம் வகுப்பு வரை படிப்பை விடுகிறவர்கள் 100-க்கு 3.5 பேர். 9-ம் வகுப்புக்கு மேல் 8.2 பேர். கட்டாயம் முடிகிற இடத்தில்தான் ஓட்டை பெரிதாகிறது.

மும்பையில் இன்னொரு சங்கடம் உண்டு. மாநகராட்சி 8 மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழும் அதில் ஒன்று. பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் மாநகராட்சிப் பள்ளிகளில் பெரும்பாலானவை நெடுங்காலம் 7-ம் வகுப்போடு நின்றன. அதற்கு மேல் படிக்க வேறு பள்ளி தேடவேண்டும். பல பிள்ளைகளுக்கு மொழியும் மாறும். கணக்கைத் தமிழில் போட்டுப் பழகிய பையன் திடீரென்று ஆங்கிலத்திலோ மராட்டியிலோ கேள்வியைப் படித்து விழிக்கிறான். பின் பெஞ்சுக்குப் போகிறான். பிறகு பள்ளிக்கூடத்துக்கு வெளியே போகிறான்.

மட்டம் போடுவது எப்படித் தொடங்குகிறது?

தாராவியில் விடிவதற்கு முன்பே இட்லிப் பானைகள் கொதித்துக்கொண்டிருக்கும். ஏழு மணிக்கெல்லாம் தூக்குகளும் அலுமினிய டப்பாக்களும் சைக்கிளில் ஏறி ஊர் முழுவதும் புறப்படும். வீட்டில் ஆண்பிள்ளை ஒருவன் இருந்தால் அவன் நாலு மணிக்கு எழுந்து மாவு தூக்க வேண்டும், சட்னி கட்ட வேண்டும். காலைப் பள்ளி என்றால் முதல் இரண்டு பாடவேளை போய்விடும். தாமதமாகப் போனால் வாசலில் நிற்க வைப்பார்கள். நாலு பேர் பார்க்க நிற்பதைவிட ரயில்வே பாலத்தடியில் உட்கார்ந்திருப்பது மேல் என்று தோன்றுகிறது. பாலத்தடியில் ஏற்கெனவே நாலு பையன்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் கையில் ஒயிட்னர் நனைத்த துணி இருக்கிறது.

இதில் இட்லி விற்கும் தாயைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? பையன் குற்றவாளி ஆகவேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், பிறகு ஒரு வாரம் என்று வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை கூடுகிறது. ஆசிரியருக்கு வகுப்பில் 50 பிள்ளைகள். தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை வேறு. ஒரு கட்டத்தில் பெயரை அடித்துவிடுகிறார்.

கவனிக்க வேண்டியது அந்தப் பதிவேட்டைத்தான். ஒரு பையன் தடம் மாறுவதற்கு முதல் சாட்சி போலீஸ் டயரி அல்ல. ஓராண்டுக்கு முன்பே பள்ளிக்கூடத்தில் அது எழுதப்பட்டுவிடுகிறது, தினமும், தேதி போட்டு. அதை எடுத்துப் படித்து, அன்று மாலையே வீட்டுக் கதவைத் தட்ட ஓர் ஆள் இருந்தால், பல வழக்குகள் டோங்கிரி வரை வரவேண்டியதே இல்லை.

டோங்கிரியின் பழைய வாசல்

டோங்கிரி என்ற பெயர் மும்பைத் தாய்மார்களுக்குப் பூச்சாண்டி மாதிரி. "படிக்காவிட்டால் டோங்கிரியில் போட்டுவிடுவார்கள்" என்று பிள்ளைகளை மிரட்டுவது உண்டு. அங்கே உமர்க்காடியில் உள்ள கூர்நோக்கு இல்லம் ஒரு காலத்தில் சிறைச்சாலையாக இருந்த இடம். 1882-ம் ஆண்டில் லோகமான்ய திலகரும் அகர்க்கரும் 101 நாட்கள் அடைபட்டிருந்தது டோங்கிரி சிறையில்தான்.

பம்பாய் மாகாணத்தில் சிறுவர்களுக்கென்று தனிச் சட்டம் 1924-ல் வந்தது. சென்னை மாகாணம் இதில் முந்திக்கொண்டது. அங்கே 1920-லேயே வந்துவிட்டது. பம்பாயில் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவர 1927-ல் சிறுவர் உதவிச் சங்கம் அமைக்கப்பட்டது. மாகிமில் இருக்கும் டேவிட் சசூன் பள்ளி இன்னும் பழையது. 1857-ல் சீர்திருத்தப் பள்ளியாகத் தொடங்கியது. ஆகவே மும்பைக்கு இந்தத் துறையில் அனுபவம் இல்லை என்று சொல்ல முடியாது. நன்னடத்தை அதிகாரி என்பவரும் இந்த நகரத்துக்குப் புதியவர் அல்ல. சிறுவனைச் சிறைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்து ஒரு பெரியவர் கண்காணிப்பது என்பது நல்ல யோசனை. நூறு ஆண்டாக அதை எவரும் மறுக்கவில்லை.

குறை என்னவென்றால், பணம் பெரும்பாலும் இல்லத்தின் சுவருக்கு உள்ளேயே செலவாகிறது. கட்டடம், காவலாளி, சமையல், துணிமணி எல்லாம் வேண்டும்தான். நன்னடத்தை அதிகாரியும் அந்த இல்லத்துக்கும் குழுமத்துக்கும் நடுவிலேயே நடந்து தேய்கிறார். பையன் வெளியே போனபின் அவனைத் தேடிப் போக அவருக்கு நேரமும் இல்லை, பஸ் காசும் இல்லை.

ஒரு மாவட்டம், ஓர் அதிகாரி

பணக் கணக்கைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் திட்டத்துக்கு இப்போது ‘மிஷன் வாத்சல்யா’ என்று பெயர். 2009-ல் வேறு பெயரில் தொடங்கியது. செலவில் 100-க்கு 60 மத்திய அரசு தருகிறது. 40 மாநில அரசு தருகிறது. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90-க்கு 10. 2025-26-ம் ஆண்டு பட்ஜெட்டில் மத்திய அரசு இதற்கு ஒதுக்கிய தொகை 1,500 கோடி ரூபாய்.

1,500 கோடி என்றால் பெரிதாகத் தெரியும். 2011-ம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி 18 வயதுக்கு உட்பட்டவர்கள் சுமார் 44 கோடி. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஆண்டுக்கு 34 ரூபாய். இந்தக் காசில் தத்துக் கொடுப்பது, அனாதை இல்லங்கள், கூர்நோக்கு இல்லங்கள், ஊழியர் சம்பளம், உதவித் தொலைபேசி 1098 எல்லாம் நடக்க வேண்டும்.

இந்தத் திட்டத்தில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு குழந்தைகள் பாதுகாப்பு அலகு உண்டு. அதில் ‘சட்டம் மற்றும் நன்னடத்தை அதிகாரி’ என்று ஒரே ஒரு பதவி. ஒப்பந்த வேலை. மாதச் சம்பளம் 27,804 ரூபாய். மும்பையைப் பொறுத்தவரை நகரம் ஒரு மாவட்டம், புறநகர் ஒரு மாவட்டம். மாநில அரசு நியமித்த நன்னடத்தை அதிகாரிகள் தனியாக இருக்கிறார்கள் என்றாலும், புறநகர் மாவட்டத்தின் ஜனத்தொகை 2011-லேயே 93 லட்சத்துக்கு மேல் என்பதை மறந்துவிடக் கூடாது.

விளைவு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இந்திய நீதி அறிக்கை என்ற பெயரில் வெளிவரும் ஆய்வின் கீழ், 2025 நவம்பரில் சிறார் நீதி பற்றித் தனி அறிக்கை ஒன்று வந்தது. 2023 அக்டோபர் 31-ந் தேதி நிலவரப்படி 362 குழுமங்களில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட வழக்குகள் இருந்தன. அவற்றில் 100-க்கு 55 முடியாமல் கிடந்தன என்று அது கூறியது. சிறுவன் மீதான விசாரணையை 4 மாதத்தில் முடிக்க வேண்டும், வேண்டுமானால் இன்னும் 2 மாதம் நீட்டலாம் என்பது சட்டம். பையனுக்கு 6 மாதம் என்பது ஒரு வகுப்பு. வழக்கு இழுத்தால் ஆண்டுத் தேர்வு போய்விடும்.

அமெரிக்கா கற்றதும் பட்டதும்

நன்னடத்தை அதிகாரியைக் கோர்ட்டிலிருந்து எடுத்துப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தால் என்ன என்று முதலில் பெரிய அளவில் யோசித்தவர்கள் அமெரிக்கர்கள். பென்சில்வேனியா மாநிலத்தின் லீஹை மாவட்டத்தில் 1990-ல் இது தொடங்கியது. அதிகாரிக்குப் பள்ளியிலேயே ஓர் அறை. தன் பொறுப்பில் உள்ள பையன்களைத் தினமும் பார்க்கிறார். வரவில்லை என்றால் மதியத்துக்குள் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. மாதம் ஒருமுறை ஆபீசுக்கு வரவழைத்து "ஒழுங்காக இருக்கிறாயா?" என்று கேட்பதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

கலிபோர்னியா மாநிலம் 2000-ம் ஆண்டு தனிச் சட்டமே போட்டு, சிறார் குற்றத் தடுப்புக்கு ஆண்டுதோறும் 10 கோடி டாலருக்கு மேல் மாவட்டங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டம் அதில் ஒரு பெரும் பகுதியைப் பள்ளி நன்னடத்தை அதிகாரிகளுக்கே செலவிட்டது. அங்கே பையன்களின் பள்ளி வருகை உயர்ந்ததாக மதிப்பீட்டு அறிக்கைகள் பதிவு செய்தன.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். அதே பணத்தில் ரிவர்சைடு மாவட்டம் 2001-ல் தொடங்கிய திட்டம் வேறு பாதையில் போனது. குற்றம் செய்தவனை மட்டும் கண்காணிப்பதற்குப் பதில், குற்றம் செய்யக்கூடும் என்று தோன்றுகிறவனையும் சேர்த்துக்கொண்டார்கள். மதிப்பெண் குறைந்தவன், தாமதமாக வருபவன், ஆசிரியரை எதிர்த்துப் பேசியவன் எல்லோரையும் 6 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைச் சோதனை போடுவது, போதைப் பரிசோதனைக்குச் சிறுநீர் கேட்பது எல்லாம் நடந்தது. கறுப்பினப் பிள்ளைகளும் லத்தீன் இனப் பிள்ளைகளுமே அதிகம் மாட்டிக்கொண்டார்கள் என்று 2018-ல் வழக்குத் தொடரப்பட்டது. 2019-ல் மாவட்ட நிர்வாகம் சமரசத்துக்கு வந்து திட்டத்தை மாற்றியது.

இந்தியாவில் இப்படி ஒரு திட்டம் வருமானால் முதலில் படிக்க வேண்டியது ரிவர்சைடு வழக்கைத்தான். மட்டம் போடுவது குற்றம் அல்ல. மட்டம் போட்டவன் பெயர் போலீஸ் கையேட்டில் ஏறக் கூடாது. தாராவிப் பையன், வெளிமாநிலத்தான், இன்ன சாதிக்காரன் என்று ஏற்கெனவே முத்திரை குத்தக் காத்திருக்கும் ஊரில், இன்னொரு முத்திரையைப் பள்ளிக்கூடத்திலேயே தயாரித்துக் கொடுப்பது பெரும் பாவம்.

இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் அமெரிக்கச் சட்டத்தைவிடக் கண்டிப்பாகவே இருக்கிறது. 74-வது பிரிவின்படி பையனின் பெயரை மட்டுமல்ல, அவன் படிக்கும் பள்ளியின் பெயரைக்கூடப் பத்திரிகை வெளியிடக் கூடாது. சிறுவனை அழைத்துப் போக வரும் போலீஸ்காரர் சீருடையில் வரக் கூடாது. கைவிலங்கு மாட்டக் கூடாது. பெரிய குற்றம் அல்லாதவற்றில், பெரியவர்களோடு சேர்ந்து செய்தாலொழிய, முதல் தகவல் அறிக்கையே பதியக் கூடாது. வழக்கு முடிந்தபின் அந்தப் பழைய தீர்ப்பு அவன் வேலைக்கோ தேர்தலுக்கோ தடையாக இருக்காது என்கிறது 24-வது பிரிவு. கொடிய குற்றத்துக்காகப் பெரியவனாகவே விசாரிக்கப்பட்டவனுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை.

கேரளத்தின் வழி

கேரள மாநிலம் 2010-ல் மாணவர் போலீஸ் படையை 127 பள்ளிகளில் தொடங்கியது. 2018-ல் மத்திய அரசு அதை நாடு முழுவதற்கும் எடுத்துக்கொண்டது. காக்கிச் சட்டையும் அணிவகுப்பும் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதற்கு மாணவர்களைத் தேர்வு வைத்து, ஓடவிட்டுப் பார்த்து எடுக்கிறார்கள். ஒழுங்காக வருகிறவன்தான் தேறுவான். பாலத்தடியில் உட்கார்ந்திருப்பவனுக்கு அதில் இடம் ஏது?

இதைக் கேரளமே உணர்ந்திருக்க வேண்டும். படிப்பிலும் நடத்தையிலும் தடுமாறுகிற பிள்ளைகளைப் பள்ளியிலேயே கண்டுபிடித்து, ஆசிரியரும் மனநல ஆலோசகரும் சேர்ந்து தாங்கிப் பிடிக்கும் இன்னொரு திட்டமும் அங்கே உண்டு. அணிவகுப்பு இல்லாததால் அதைப் பற்றிப் படம் போடுகிறவர்கள் குறைவு.

மும்பையில் செய்தால் எவ்வளவு செலவாகும்?

சட்டப்படி நன்னடத்தை அதிகாரியை மாநில அரசுதான் நியமிக்க முடியும். மாநகராட்சி நியமிக்க முடியாது. ஆனால் பள்ளிகள் மாநகராட்சியுடையவை. பணமும் அதனிடம் இருக்கிறது. 2025-26-ம் ஆண்டுக்கு மும்பை மாநகராட்சியின் கல்வி பட்ஜெட் சுமார் 3,955 கோடி ரூபாய்.

ஓர் அதிகாரிக்கு இப்போதைய சம்பளமான 27,804 ரூபாயே என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 3 லட்சத்து 34 ஆயிரம் ஆகிறது. நூறு பேரை நியமித்தால் 3 கோடியே 34 லட்சம். கல்வி பட்ஜெட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சம்பளத்துக்கு நல்ல ஆள் நிலைக்க மாட்டார், இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும் என்றாலும் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குள் அடங்கிவிடும். பணம் இல்லை என்ற பதில் இங்கே எடுபடாது.

நூறு பேரும் பள்ளிக்கு ஒருவர் என்று உட்கார வேண்டியதில்லை. பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் ஏழெட்டுக்கு ஒருவர் போதும். வகுப்பறைக்குள் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது; கூப்பிட்டால் மறுநாளே பையன் பள்ளியை விட்டுவிடுவான். குழுமம் உத்தரவிட்ட பையன்களுக்கு மட்டுமே அவர் அதிகாரி. மற்றப் பிள்ளைகள் விஷயத்தில் அவர் பள்ளியின் சமூக ஊழியரோடு சேர்ந்து வீடு போய் விசாரிக்கும் ஒரு பெரியவர், அவ்வளவுதான்; அவர்களைப் பற்றி எழுதியது எதுவும் பள்ளிக்கு வெளியே போகக் கூடாது. இந்த இரண்டு வேலைக்கும் நடுவே சுவர் இல்லாவிட்டால் ரிவர்சைடில் நடந்தது தாராவியிலும் நடக்கும்.

தமிழ் தெரிந்த சிலரும் அவர்களில் வேண்டும். இது மொழிப்பற்று சம்பந்தப்பட்டது அல்ல. சமூக விசாரணை அறிக்கைக்காகத் தாயிடம் பேசும்போது, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் "ஹாங், ஹாங்" என்று அவள் தலையாட்டுவாள். தகப்பன் குடிக்கிறானா, வீட்டில் அடி உண்டா, பையனுக்கு வேறு பெரியவர் யாரும் துணை உண்டா என்பதெல்லாம் தன் மொழியில் கேட்டால்தான் வெளியே வரும். அந்த அறிக்கையை வைத்துத்தான் பையன் வீட்டுக்குப் போவதா, இல்லத்துக்குப் போவதா என்று முடிவாகிறது.

வறுமையால் பள்ளியை விட்டவனுக்கு வெறும் கண்காணிப்பு உதவாது. மிஷன் வாத்சல்யாவில் தகுதியுள்ள பிள்ளைக்கு வீட்டிலேயே வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. விதவைத் தாயின் பிள்ளை, பெற்றோர் தீராத நோயில் கிடக்கும் பிள்ளை போன்றவர்களுக்கு இது கிடைக்கும். வருமான வரம்பு உண்டு. மாவட்டக் குழுவின் ஒப்புதல் வேண்டும். நாலு மணிக்கு மாவு தூக்கும் பையனின் கூலியை ஈடுகட்ட இந்தப் பணம் போதும். விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, சான்றிதழ்களைச் சேர்த்து, மேசைக்கு மேசை தள்ளிக்கொண்டு போகத்தான் ஆள் வேண்டும்.

உத்தரவு அக்டோபரில் வந்தால்?

வயதில் பெரிய பையன்களுக்கு வேறொரு கஷ்டம். ‘பள்ளிக்குப் போ’ என்று குழுமம் அக்டோபரில் உத்தரவிட்டால், பள்ளி ஆண்டில் பாதி கழிந்திருக்கும். 14 வயதுக்குள் என்றால் ஆண்டின் நடுவிலும் சேர்க்க மறுக்கக் கூடாது என்று கட்டாயக் கல்விச் சட்டம் காப்பாற்றும். 16 வயதுப் பையனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தலைமை ஆசிரியர் "அடுத்த வருடம் வா" என்பார். அதுவரை அவன் எங்கே போவான்? பழைய பாலத்தடிதான்.

அவனுக்கும் ஒரு வழி இருக்கிறது. மராட்டிய மாநிலத்தில் பள்ளிக்குப் போகாமலே தனித் தேர்வராகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம். மும்பையில் எல்லோரும் ‘17 நம்பர் பாரம்’ என்று சொல்வது இதைத்தான். இன்னொரு வழி, தேசியத் திறந்தநிலைப் பள்ளி. எதை எடுத்தாலும் காலக்கெடு உண்டு. கெடு தவறினால் ஓராண்டு போச்சு.

17 நம்பர் பாரம் போட முதலில் வேண்டியது கடைசியாகப் படித்த பள்ளியின் விடுப்புச் சான்றிதழ், அதாவது எல்.சி. பெயரை அடித்த பள்ளிக்கே மறுபடி போய் அதைக் கேட்க வேண்டும். குமாஸ்தா பழைய பதிவேட்டைத் தேடி எடுக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருந்தால் பிரமாணப் பத்திரம் வேண்டும். தலைமை ஆசிரியர் அன்று லீவாக இருந்தால் இன்னொரு நாள் வர வேண்டும். இதற்கெல்லாம் இப்போது அலைவது பெரும்பாலும் பையனின் தாய்தான், அன்றைய கூலியை விட்டுவிட்டு.